பதுளைக்கு ஒரு சட்டம், ஹாலிஎலக்கு ஒரு சட்டம்

பெண் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு கிடையாது. கிடையவே கிடையாது. சாமியே நேரில் வந்து கேட்டாலும் கிடையாது.

பதுளை பசாரில் துணியும் பலசரக்கும் விற்ற ராமாமிர்தம் பிள்ளை, அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு மொட்டைத் தலையைத் தடவியபடி இந்த முடிவுக்கு வந்தார். வந்ததும் உரக்கச் சொன்னார். எதையும் மெதுவாகச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. கடைக்கு வெளியே மாட்டு வண்டியில் படுத்திருந்தவன்கூட எழுந்து உட்கார்ந்து, யாருக்கு என்ன கிடையாது என்று விசாரித்தான்.

கிடையாது என்று சொல்லப்பட்டவள் உள்ளே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். புஷ்பம், பிள்ளையின் ஒரே தங்கை; தாயில்லாத அந்த வீட்டில் பிள்ளைகள் அவர்கள் இருவர்தான். பெரகல சந்தியில் தேநீர்க் கடை வைத்திருந்த புருஷன் காய்ச்சலில் போனதும், இரண்டு பெண் குழந்தைகளோடு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள். கடையின் பின்னறையில்தான் குடியிருப்பு. அப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அள்ளிப் போட்டதும் துடைத்துவிட்டதும் அவள். அவர் கண்ணை மூடிய பிறகு அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: அப்பா கடையில் எனக்கும் ஒரு பங்கு உண்டுதானே?

அதற்குத்தான் இந்தப் பதில். பதிலோடு பிள்ளை ஒரு திட்டமும் வைத்திருந்தார். புஷ்பத்தையும் குழந்தைகளையும் கப்பலேற்றி ராமநாதபுரத்துப் பக்கம் அனுப்பிவிட வேண்டும். அங்கே யாரோ ஒரு பெரியப்பா மகன் இருக்கிறான். இருக்கிறானா என்பது நிச்சயமில்லை. பதுளையிலேயே பிறந்த புஷ்பத்துக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அதனாலென்ன, பின்னறை காலியானால் அரிசி மூட்டை அடுக்கலாம்.

பிள்ளையின் மனைவி நல்லம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

"ஏங்க, அவளுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு. அதோட சரி."

"அந்த நகையத்தான் சரக்கு எடுக்கணும்னு நீங்க வாங்கி வித்தீங்க."

"அது வேற."

ராமாமிர்தம் பிள்ளையின் அகராதியில் மிகப் பெரிய சொல் இந்த 'அது வேற'. வாதம் முட்டுச் சந்துக்கு வந்து நிற்கும்போதெல்லாம் அவர் இதைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். வீட்டில் அதற்கு மேல் பேச்சு இல்லை. நல்லம்மா அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் மட்டும் கொஞ்சம் சத்தமாக உருண்டது.

அடுத்த மாதமே ஹாலிஎலயில் நல்லம்மாவின் அப்பா போய்ச் சேர்ந்தார். மாமியார் ஏற்கெனவே இல்லை. நல்லம்மாவும் அவளுடைய தம்பி கந்தப்பனும்தான் பிள்ளைகள். இழவு வீட்டில் யாரையும்விட உரக்க அழுதவர் நம் பிள்ளைதான். அழுத கண்ணோடு, வீட்டை ஒட்டியிருந்த மாமனாரின் துணிக்கடைக் கூரையையும் ஒரு முறை அண்ணாந்து பார்த்துக்கொண்டார். பார்க்க வேண்டிய கூரைதான் அது. பல வருஷமாகக் காக்கை உட்கார்ந்த கடை. போன வருஷம் ரயில் பதுளை வரைக்கும் வந்தது, ஹாலிஎல ஸ்டேஷனைக் கொண்டுவந்து சரியாக அந்தக் கடைக்கு எதிரே கட்டினார்கள். இப்போது வாசலில் நிற்க இடமில்லை.

பிள்ளை யோசித்தார். நல்லம்மா அந்த வீட்டுப் பெண். பெண்ணுக்குப் பங்கு உண்டா?

தம் அப்பாவின் கருமாதியன்று அவர் என்ன சொன்னார் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவருக்கு நினைவில்லை.

மயில்வாகனம் என்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் பதுளையில் வழக்குப் பேசிக்கொண்டிருந்தார். இலங்கையில் அப்படிப்பட்டவருக்குப் பிறக்கிராசி என்று பெயர். பிறக்கும்போதே ராசி இருப்பவன்தான் ஊரார் சண்டையில் சம்பாதிக்க முடியும் என்று பிள்ளை அதற்குப் பொருள் வைத்திருந்தார். வாரிசுக்காரியைப் பார்க்க வேண்டும் என்று பிறக்கிராசி சொல்லிவிட்டதால், நல்லம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு மழை நாளில் அங்கே போனார்.

"இஞ்ச பாரும் பிள்ளை," என்று ஆரம்பித்தார் மயில்வாகனம். "யாழ்ப்பாணத்து ஆக்கள் எங்களுக்குத் தேசவழமை எண்டு தனிச் சட்டம் இருக்கு. கண்டிச் சிங்களவருக்கு அவையின்ர சட்டம். முஸ்லிம் ஆக்களுக்கு அவையின்ர சட்டம். நீங்கள் இந்தியாவில இருந்து வந்து குடியிருக்கிற ஆக்கள், உங்களுக்கு இந்தத் தீவின்ர பொதுச் சட்டம். உயில் எழுதாமல் ஒருத்தர் செத்தால், புருசனோ பெண்சாதியோ உயிரோட இருந்தால் அவைக்குப் பாதி. மிச்சம் பிள்ளையளுக்கு. ஆண், பெண் எண்ட பேதம் இல்லை. எல்லாருக்கும் சரி பங்கு."

"மாமியார்தான் முன்னமே போயிட்டாங்களே."

"அப்ப முழுதும் பிள்ளையளுக்கு. உம்மட மனிசிக்குப் பாதி, மச்சானுக்குப் பாதி. ஆனால் இதில இன்னொரு விசயம் இருக்கு..."

பிள்ளை அதற்குள் எழுந்துவிட்டார். பிறக்கிராசியின் வாய் திறந்திருக்கும் நேரத்துக்கெல்லாம் கூலி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார். தமக்கு வேண்டியது பாதி. அது கிடைத்துவிட்டது. கும்பிட்டுவிட்டு மழையில் குதித்து எதிர்க் கடைத் தாழ்வாரத்தில் போய் நின்றுகொண்டார். நல்லம்மா வரக் கொஞ்சம் நேரமானது. குடையைத் தேடினாளாம்.

வீடு திரும்பும் வழியில் அவள் கேட்டாள்.

"ஏங்க, நீங்க போனா எனக்குப் பாதியாமே?"

"அதுல ஒனக்கு என்ன அவ்வளவு சந்தோசம்?"

"சந்தோசம் இல்லைங்க. கூடவே இருந்து ஒலை வச்சா ஒண்ணுமில்லையாம், போனாத்தான் பாதியாம். யார் எழுதின சட்டமோன்னு கேட்டேன்."

அன்று மத்தியானம் பிள்ளை ரசத்தை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

கை கழுவிய பிறகு அவள் அடுத்ததைக் கேட்டாள். அதே சட்டப்படி பார்த்தால் இந்தக் கடையில் புஷ்பத்துக்கும் பாதி வருமே?

"அது வேற."

"எப்படிங்க வேற?"

"அது எங்கப்பா. இது ஒங்கப்பா."

நல்லம்மா, சரிதாங்க என்று தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தலையாட்டி அவர் பார்த்ததில்லை. பிள்ளைக்குத் தலை கால் புரியவில்லை. உற்சாகத்தில் முழுத் திட்டத்தையும் அவிழ்த்துவிட்டார். பதுளையில் பரம்பரை வழக்கம்: பெண்ணுக்கு நகையோடு சரி. ஹாலிஎலயில் தீவின் சட்டம்: பெண்ணுக்குப் பாதி. அதாவது பதுளையில் அவர் இந்தியர், ஹாலிஎலயில் இலங்கையர். நீதிமன்றத்தை இங்கே கோடு என்பார்கள். வாசல்படியே தாண்டாத புஷ்பம் கோட்டையா தாண்டப் போகிறாள் என்று தம் சிலேடைக்குத் தாமே சிரித்தார்.

நல்லம்மாவும் சிரித்தாள். பிறகு ரொம்பப் பதவிசாக ஒரு யோசனை சொன்னாள். கந்தப்பன் பிடிவாதக்காரன், கோடு கச்சேரி என்று போனால் வருஷக் கணக்கில் இழுப்பான். ஆனால் சாமிக்குப் பயந்தவன். வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஹாலிஎல மாரியம்மன் கோயிலில் நாலு பெரிய மனிதர்களை வைத்துக்கொண்டு நீங்கள் நியாயத்தை எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் பேச்சுக்கு எவன் நிற்பான்?

இதற்கு மேல் என்ன வேண்டும்? பிள்ளை அன்றே ஒத்திகை பார்த்தார். எண்ணெய்ப் பீப்பாய்தான் கந்தப்பன். நல்லம்மா வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் சத்தமாக, அந்த இடத்தில் கையை ஓங்கி, என்று திருத்திக் கொடுத்தாள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகம் வந்தது. உங்கள் வீட்டில் இப்படிச் செய்வீர்களா என்று கந்தப்பன் திருப்பிக் கேட்டால்?

"செய்வேன்னு சொல்லிட்டு வாங்களேன்," என்றாள் நல்லம்மா. "ஹாலிஎலயில சொல்றது பதுளையில யாருக்குங்க கேக்கப் போகுது?"

நியாயம்தானே. மாட்டு வண்டியில் ஹாலிஎலக்குப் போய் வந்தால் ஒரு பொழுது ஓடிவிடும். சோலி கெட்டு யார் வரப் போகிறார்கள்? ரயிலில் வருவார்கள். ரயில் வந்ததால்தான் அந்தக் கடைக்கே விலை ஏறியது. ஆனால் அதே ரயிலில் மனிதர்களும் ஏறுவார்கள் என்பது பிள்ளைக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் கூட்டம் தேருக்குக் கூடியது போல் இருந்தது. தம் பேச்சைக் கேட்கத்தான் என்று பிள்ளை நினைத்தார். அது சரிதான். பசார் பெண்களிடம் நல்லம்மா ஒரு வார்த்தை போட்டு வைத்ததில், பதுளையின் பாதிக் கடைகளுக்கு அன்று பூட்டு. பின்வரிசையில் பசாருக்கே மூத்தவரான தங்கராஜா முதலாளி, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் கண் கந்தப்பன் மேலேயே இருந்ததால் அவரைக் கவனிக்கவில்லை.

பேசினார் பாருங்கள். நாம் குடிப்பது இந்த மண்ணின் தண்ணீர், கட்டுவது இந்த மண்ணின் வரி, சட்டம் மட்டும் அக்கரையிலிருந்து வர வேண்டுமா என்றார். ஆணென்றும் பெண்ணென்றும் பேதம் இல்லை, ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒன்றுக்குச் சோறு, ஒன்றுக்குக் கஞ்சித் தண்ணீரா என்றார். கூடப் பிறந்தவளின் பங்கைத் தின்பவன் விளங்குவானா என்று கேட்டு, தாமே பதிலும் சொன்னார்: விளங்கமாட்டான். இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிள்ளையும் துண்டின் நுனியை எடுத்துக்கொண்டார்.

கந்தப்பன் எழுந்தான். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மச்சான். இந்த நியாயம் எல்லா வீட்டுக்கும் உண்டா, எங்க வீட்டுக்கு மட்டுமா?"

"எல்லா வீட்டுக்கும்தான். என் வீட்டுக்கும்தான்."

"கற்பூரத்துல அடிச்சுச் சொல்லுங்க. அக்கா பங்க இப்பவே கொடுத்துர்றேன்."

தட்டில் எரிந்த கற்பூரத்தின் மேல் பிள்ளை ஓங்கி அடித்தார். அடித்த வேகத்தில் கற்பூரம் அணைந்தது. கை சுட்டது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கேட்டுக்கிட்டோம் பிள்ளை."

திரும்பிப் பார்த்தார். தங்கராஜா முதலாளி. அவருக்குப் பக்கத்தில் பாத்திரக் கடைக்காரர். அவருக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கடைக்காரர். பதுளை பசார் வரிசை குலையாமல் உட்கார்ந்திருந்தது.

திரும்பும் ரயிலில் முதலாளி நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, தங்கச்சிக்கு எப்போது எழுதிக் கொடுப்பதாக உத்தேசம் என்று விசாரித்தார். மாட்டு வண்டியாக இருந்தால் இறங்கி நடந்திருக்கலாம். பிள்ளை ஜன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவு தேயிலையை அவர் அதற்கு முன் பார்த்ததேயில்லை.

ஆனாலும் லேசில் மடங்குகிற ஆளா அவர்? வீட்டுக்கு வந்ததும் புஷ்பத்தைக் கூப்பிட்டார். ஊரார் ஆயிரம் சொல்வார்கள், நமக்குள் என்ன, பங்கு வேண்டாமென்று நீ ஒரு கைநாட்டு வைத்துவிடு, குழந்தைகளுக்கு அரிசி பருப்பு என் பொறுப்பு, பின்னறையிலேயே இருந்துகொள் என்று குழைந்தார். புஷ்பம் அண்ணன் முன்னால் அதுவரை நிமிர்ந்து பேசியதில்லை. அன்று பேசினாள்.

"பிச்சை போடுறதா இருந்தா கோயில் வாசல்ல போடுங்கண்ணே. எனக்குப் பங்குதான் வேணும். அப்பாவுக்கு அள்ளிக் கொட்டினப்ப, நீ பொம்பளை, ஒனக்கு இதுல பாத்தியம் இல்லைன்னு யாரும் சொல்லலையே."

பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. உண்மையாகவே இருந்தது. அப்பாவின் கட்டில் பக்கம் தாம் எத்தனை தடவை போனோம் என்று யோசித்தார், யோசனை சீக்கிரமே முடிந்துவிட்டது. அதற்காகப் பாதிக் கடையைக் கொடுத்துவிட முடியுமா? ஹாலிஎலயில் பேசியது ஹாலிஎலயோடு போயிற்று, அது வேற, என்று துண்டை உதறினார்.

இந்த முறை நல்லம்மா தாலியைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கற்பூரத்துல அடிச்சுட்டு மாறினா ஆத்தா சும்மா விடுமாங்க? ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா எனக்குப் பாதிக் கடை வரும், வாஸ்தவம்தான். அந்தப் பாதி எனக்கு வேணாங்க."

பிள்ளை அவளைப் பார்த்தார். கொதிக்கிற ரசத்தைப் பார்த்தார். கை சுட்ட இடம் விண்ணென்று தெறித்தது. எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

படுத்துப் பார்த்ததில் மனம் ஆறியது. பதுளைக் கடையில் பாதி போனால் என்ன, ஸ்டேஷனுக்கு எதிர்க் கடையில் பாதி வருகிறதே. பெண்டாட்டி சொத்து என்றால் தம் சொத்து. அங்கே தம் பாதியில் ஒரு சாப்பாட்டுக் கடை போட வேண்டும், ராமாமிர்தம் விலாஸ் என்று பலகை மாட்ட வேண்டும், கந்தப்பன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும். நஷ்டம் அவருக்கில்லை. இலங்கையில் சொத்துப் பத்திரத்துக்கு உறுதி என்று பெயர், அதை எழுதுபவர் நொத்தாரிசு. மனத்தில் இருந்த உறுதியை விட்டுவிட்டு, நொத்தாரிசின் மேசையில் இருந்த உறுதியில் கையெழுத்துப் போட்டார். கந்தப்பனும் சொன்னபடி அக்காவுக்கு எழுதிக் கொடுத்தான். அதன் பிறகு நல்லம்மாவும் புஷ்பமும் சேர்ந்து நொத்தாரிசிடம் இன்னொரு தடவை போய் வந்தார்கள். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புஷ்பம் குழந்தைகளோடு பின்னறையைக் காலி செய்தாள். அரிசி மூட்டைக்கு இடம் கிடைத்தது என்று பிள்ளை எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

நல்ல நாள் பார்த்து, பலகைக்கு அளவெடுக்கக் கயிறும் கையுமாக ஹாலிஎலக்கு ரயிலேறினார். இறங்கும்போதே சாம்பார் வாசனை அடித்தது. எதிர்க் கடையின் இடது பாதியில் புதுக் கரும்பலகை: தோசை, தேநீர். ஸ்டேஷன் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு சிறு பெண்கள் இலை போட்டார்கள். கல்லுக்கு முன்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புஷ்பம் நின்றாள்.

"நீ எங்க இங்க?"

"என் பங்குல இருக்கேண்ணே."

"ஒன் பங்கு பதுளையிலதானே இருக்கு."

"அத மதினிக்கு மாத்தி எழுதிக் கொடுத்துட்டேன். மதினி பங்க நான் எழுதி வாங்கிக்கிட்டேன். ஒக்காருங்கண்ணே, தோசை ஊத்தவா?"

பிள்ளை கந்தப்பனைப் பார்த்தார். அவன் துணி மடித்தபடியே சொன்னான்: "அக்காவோட கூட்டா இருக்க எனக்குக் கசக்குமா மச்சான்? அக்கா பங்குன்னா தெனமும் நீங்க வந்து என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல ஒக்காருவீங்க. அதுக்கு இந்தம்மா தேவலைன்னு நானும் சரின்னுட்டேன்."

அடுத்த ரயில் வரும்வரை பொறுக்க முடியாமல் பிள்ளை பதுளைக்கு நடந்தே வந்து சேர்ந்தார். நேரே பிறக்கிராசி வீடு. புருஷன் கையெழுத்து இல்லாமல் பெண்டாட்டி எழுதின உறுதி செல்லுமா என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"செல்லும். முந்தி புருசன்ர சம்மதம் வேணும். இப்ப புதுச் சட்டம் வந்திட்டுது, பெண்சாதியின்ர சொத்து பெண்சாதிக்குத்தான். இதைத்தான் அண்டைக்குச் சொல்ல வெளிக்கிட்டன். நீர் பாதி கேட்டுட்டு எழும்பி ஓடிட்டீர். மிச்சத்தை உம்மட மனிசி இருந்து வடிவாய்க் கேட்டவ."

"அவ குடை தேடிக்கிட்டு இருந்தாளே."

"குடை கையிலதான் இருந்தது."

பிள்ளை கடைக்கு வந்தார். கல்லாப்பெட்டிக்கு முன்னால், அவர் அப்பா உட்கார்ந்த இடத்தில், நல்லம்மா உட்கார்ந்திருந்தாள். மூக்குத்தி பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலி காலியாக இருந்தது. அது தமக்குத்தான் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எழுந்திரு."

"எதுக்குங்க? பாதி என்னுது."

"இது எங்கப்பா கடைடி."

"பாதி ஒங்கப்பா பிள்ளைக்கு. பாதி ஒங்கப்பா பொண்ணு எனக்கு எழுதிக் கொடுத்தது. ரெண்டும் ஒங்கப்பா கடைதான்." அவள் குரல் உயரவேயில்லை. "அரிசி களைஞ்சு வச்சிருக்கேன், ஒலை கொதிச்சதும் போட்டுருங்க. இங்க பாதி எனக்குன்னா அடுப்படியில பாதி ஒங்களுக்கு. நீங்கதானே கோயில்ல சொன்னீங்க, ஆணுன்னும் பொண்ணுன்னும் பேதம் இல்லைன்னு."

அது வேற என்று சொல்லத்தான் பிள்ளை வாயைத் திறந்தார். எது வேற என்று யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. துண்டை உதறப் பார்த்தார், அதை ஹாலிஎலயிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். முக்காலியில் உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்திலிருந்து இராமையா கங்காணி வந்தார். பல வருஷத்து வாடிக்கை. குளிருக்கு ஒரு கம்பளியைப் பிரித்து, தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாளை ஒரு பார்வை, முக்காலியில் உட்கார்ந்திருந்த பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வழக்கம்போல் பிள்ளையிடமே கேட்டார்.

"வெலயில கொஞ்சம் பாத்துக் கொறைங்களேன் மொதலாளி."

ராமாமிர்தம் பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வாழ்நாளில் முதல் முறையாக மெதுவாகச் சொன்னார்.

"இருங்க, பங்காளியக் கேட்டுச் சொல்றேன்."